மானிட்டரில் பாடிய பாட்டு

ராஜி பாடி முடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "சரி, இப்ப டேக் போலாம்."

நல்லா இருந்துச்சு என்று சொல்லவில்லை. தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. இரண்டாவது சரணத்தில் என் மோதிர விரல் கிடாரில் ஒரு கம்பியைச் சரியாக அமுக்காமல் 'டப்'பென்று ஒரு சத்தம் விழுந்திருந்தது. என் புத்தி பூராவும் அந்த 'டப்'பில் இருந்தது.

நாமக்கல்லில் எங்கள் வீட்டு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தோம். அறைக்குள் சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நாலு சுவரிலும் காகித முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் முட்டை அட்டைக்கு வராது. வெயில் ஏறினால் அதிலிருந்து லேசாகக் கோழிப்பண்ணை வாசம் கிளம்பும். ராஜி என்கிற ராஜேஸ்வரி, என் மனைவி, மைக் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஈரத்துண்டு. எங்கள் ஒரே மகள் மேகலா கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ராஜியைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பேச்சு?" என்று கேட்டாள் ராஜி.

"பழகிப் பழகி ஓரளவு வரும்மா. கருவி இருக்கு."

"பாட்டுங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. "உயிரைப் பார்ப்போம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் என் முழங்கையை இடித்தாள். "ஏனுங்க, நான் பாடுனது ஒண்ணாச்சும் இருக்கோணுங்க. நீங்க எழுதுன அந்தப் பாட்டு. ஒண்ணே ஒண்ணு போதும்."

அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

பேர் தெரியாத ஆள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டு கேட்கிறீர்கள். பாடியவர் பேர் தெரியும், இசையமைத்தவர் பேர் தெரியும். பின்னால் எங்கோ ஒரு கிடார் நாலு சொட்டுச் சொட்டிவிட்டுப் போகுமே, அந்த ஆளின் பேர் உங்களுக்குத் தெரியாது. அந்த ஆள் நான். கூப்பிட்ட இடத்துக்குப் போய், கொடுத்த இசைக்குறிப்பை வாசித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். என்ன படம், யார் நடிக்கிறார் என்று பல சமயம் எனக்கே தெரியாது.

ராசிபுரத்தில் தறிக்குடும்பம் எங்களுடையது. நான் தறியில் உட்காராமல் சேலத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்து திருவிழா திருவிழாவாகத் திரிந்தேன். அப்பா என்னை வைத வசவுகளைப் போன வாரமே எழுதிவிட்டேன். திரும்ப எழுத வேண்டாம்.

அதே ஆர்க்கெஸ்ட்ராவில்தான் ராஜி பாடினாள். மோகனூர்ப் பக்கம் கரும்புக்காட்டு வேலைக்குப் போகிற வீட்டுப் பெண். மேடைக்குப் பின்னால் எதையாவது தின்றுகொண்டே இருப்பாள். பெயரைக் கூப்பிட்டால் கையிலிருக்கும் போண்டாவை என் கிடார்ப் பெட்டி மேல் வைத்துவிட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறுவாள். முதல் வரியிலேயே எழுந்து நிற்கிற கூட்டம் உட்கார்ந்துவிடும். எண்ணெய் ஒட்டிய அந்தப் பெட்டிக்காக அவளோடு சண்டை போடப் போய்த்தான் எங்களுக்குள் பேச்சே ஆரம்பித்தது.

கல்யாணம் ஆன மறு மாதம் பரமத்தி வேலூரில் ஒரு கச்சேரி. அவள் பாடும்போது முன்வரிசையில் நாலு பேர் விசில் அடித்தார்கள். வீட்டுக்கு வந்து, "இனிமேட்டு மேடை வேண்டாம் ராஜி" என்றேன்.

"ஏனுங்க, முன்னாடியும் விசில் அடிச்சுட்டுத்தான இருந்தாங்க?"

"முன்னாடி வேற."

மேடைக்குப் போட்ட தோட்டைக் கழற்றி வைத்தாள். அப்புறம் "சரிங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். பொறாமை, வேறென்ன? இத்தனை வயசுக்கு மேல் அதற்கு அலங்காரமாக ஒரு பேர் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த கேசட்

மேகலா பிறந்ததும் நான் சென்னைக்குப் போனேன். அவர்கள் நாமக்கல்லிலேயே இருந்தார்கள். மாதம் ஒருமுறை வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போவேன்.

ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஒருவர், என் வாசிப்பில் என்ன கண்டாரோ, ஒரு கேசட்டைக் கொடுத்து, "இதைக் கேளுப்பா. அமெரிக்காவில் கறுப்பின ஜனங்க பாடறது. ஸோல்னு சொல்வாங்க" என்றார். அட்டையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. லாட்ஜ் அறையில் போட்டுக் கேட்டேன். ஒரு பெண் பாடினாள். மொழி புரியவில்லை. ஆனால் எழவு வீட்டில் மாரடித்து அழுகிற பெண்ணும், கோயிலில் அருள் வந்து ஆடுகிற பெண்ணும் ஒரே தொண்டையில் இருப்பது புரிந்தது. அதைவிட என்னை ஆட்டியது பின்னால் வாசித்த கிடார். அவள் வாய் திறந்தால் அது ஒதுங்கிவிடும். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும் ரெண்டு சொட்டு விழும். அடேயப்பா, இப்படியும் வாசிக்கலாமா என்று இருந்தது.

அந்த டேப் அறுந்துபோகும் வரை கேட்டேன். என் கை அப்படியே மாறிவிட்டது. "அந்த அழுமூஞ்சி கிடார்க்காரனைக் கூப்பிடுங்கய்யா" என்று என்னைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சோகப் பாட்டென்றால் நான். கதாநாயகி செத்தால் நான்.

வாசித்தால் மட்டும் போதுமா என்று பாட்டும் எழுத ஆரம்பித்தேன். ஐந்தாறு எழுதியிருப்பேன். அதில் ஒன்று தேறியது. வெளியூர் போன புருஷனுக்காக ஒருத்தி பாடுகிற மாதிரி மெதுவான பாட்டு. ஊருக்கு வந்தபோது, அடுப்படியில் ராஜியிடம் பாடிக் காட்டினேன்.

*காத்தடிச்சாக் கதவு சாத்தக்*
*கையி ரெண்டு போதுமய்யா*
*காத்திருக்கும் நெஞ்சைச் சாத்தக்*
*கதவு எங்கே தேடுவேன்*

சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "தேடறதுக்கு அது என்னங்க, தொலஞ்சுபோன கொலுசா? இல்லாத சாமானுங்க அது. 'கதவு எங்கே வாங்கறது'ன்னு போடுங்க."

போட்டேன். பாட்டு நிமிர்ந்து நின்றது. என்னைவிட நல்ல பாட்டுக்காரி அடுப்படியில் நிற்கிறாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

பாட்டைச் சென்னையில் ரெண்டு மூன்று பேரிடம் கொண்டு போனேன். "இவ்வளவு மெதுவாப் போனா ஜனங்க எந்திரிச்சு டீ குடிக்கப் போயிடுவாங்க" என்றார் ஒருவர். அதோடு அது வீட்டுப் பாட்டாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது, மேகலாவுக்குத் தலை சீவும்போது ராஜி பாடுவாள். வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. பிறகு செல்போன் வந்தது. மாடியில் இந்த அறையே வந்தது. ஊர் உலகத்துக் குரலுக்கெல்லாம் வாசித்தவன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தக் குரலைப் பதிவு பண்ணி வைப்போம் என்று நினைக்கவில்லை. எங்கே போய்விடப் போகிறது என்கிற திமிர்தான்.

மானிட்டர் என்றால்

கம்ப்யூட்டர் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிய கதை தனி. இப்போது மாடியறையில் உட்கார்ந்து அம்மன் பாட்டுக்கும் கோழித்தீவன விளம்பரத்துக்கும் வாசித்து இணையத்தில் அனுப்புகிறேன். ஆனால் பழக்கம் மட்டும் பழைய ஸ்டுடியோவுடையது.

அங்கே பாட்டைப் பதிவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து ஒருமுறை முழுசாக வாசித்துப் பார்ப்போம். அதற்கு மானிட்டர் என்று பேர். மைக் திறந்திருக்கும், ஹெட்ஃபோனில் எல்லாம் கேட்கும், ஆனால் டேப் ஓடாது. டேப்பை அப்படி வீணாக்க முடியாது. மானிட்டர் சரியாக வந்தால்தான் டேக், அதாவது நிஜப் பதிவு. இத்தனை வருஷத்தில் மானிட்டரைப் பதிவு பண்ணிய ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும், "மொதல்ல மானிட்டர் போயிரலாம் ராஜி" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். அவள் குரல் கீழே இறங்கிப் போயிருந்ததால் என் கிடாரையும் சுருதி இறக்கிக் கட்டியிருந்தேன்.

பாடினாள். அந்த நோய் அவள் தொண்டையை அரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் உரசிக்கொண்டு வெளியே வந்தது. லாட்ஜ் அறையில் நான் கேட்டேனே, அந்தப் பெண்ணின் தொண்டை, அது என் வீட்டில், என் எதிரில், எங்கள் ஊர்ப் பேச்சில் பாடியது. 'வாங்கறது' என்ற இடத்தில் குரல் உடைந்து, உடைந்த இடத்திலேயே நின்று, திரும்ப எழுந்தது. நாலு சரணமும் பாடினாள். மேகலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் அந்த 'டப்'பை நினைத்துக்கொண்டிருந்தேன். "சரி, இப்ப டேக் போலாம்."

"இன்னொருக்காலுங்களா?" என்றாள். மேல்மூச்சு வாங்கியது.

"ஒரே தடவை."

பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. அப்புறம் இருமல். கண்ணைத் திறந்தபோது ராஜி மடியில் தலை கவிழ்ந்திருந்தாள். மேகலா தண்ணீர்ச் சொம்போடு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். துண்டில் லேசாக ரத்தம்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் ராஜி கேட்டாள். "மொதல்ல பாடுனது இருக்குதல்லங்க?"

திரையைப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"இருக்குது" என்றேன்.

"நல்லா வந்திருக்குதுங்களா?"

"அருமையா வந்திருக்குது ராஜி."

அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வேன்? அவள் கீழே போய்ப் படுத்தாள். மேகலா என்னைப் படியில் நிறுத்தினாள்.

"அப்பா, அதுல ஒண்ணுமே இல்லீல்ல?"

"மானிட்டர் சாமி அது. மானிட்டரை யாரும் பதிவு பண்ண மாட்டாங்க."

"யாரும்னா யாருங்கப்பா? இது நம்ம ஊடு. ஒரு பட்டனு. அமுக்கிவிட்டுட்டுச் சும்மா உட்டிருக்கலாமல்லங்க?"

நான் திரும்ப மாடிக்கு ஏறிப் போய், நிறுத்தி வைத்திருந்த ஃபேனைப் போட்டேன்.

சாயங்காலம் ராஜி கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ரசம் சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டாள். மெல்லப் பக்கத்தில் போய், "இன்னொருக்கா பாடிப் பார்க்கறயா?" என்றேன்.

"அதான் அருமையா வந்திருக்குதுன்னீங்களே, அப்பறம் என்னத்துக்குங்க?" என்று சிரித்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உயிரைக் கொடுத்தாவது இன்னொரு தடவை பாடியிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். நான் சும்மா எழுந்து போய்விட்டேன்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ராஜி மேகலாவின் கையைப் பிடித்து, "பாட்டைப் பத்தரமா வெச்சுக்க சாமி" என்றாள். அவள் தன் குரலில் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மேகலா தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் செத்திருக்கலாம்.

நோட்டு

ராஜி பிழைத்துக்கொண்டாள். கழுத்தின் கீழே ஒரு ஓட்டை, அதில் குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். கோடு போட்ட நோட்டு ஒன்று எப்போதும் மடியில் இருக்கும். காப்பிக்குச் சர்க்கரை போதலை என்பது முதற்கொண்டு எல்லாம் அதில்தான். கழுத்தில் அமுக்கிப் பிடித்துப் பேசுகிற கருவியை வைத்துப் பழகச் சொன்னார்கள். ஒருநாள் முயன்று, வந்த இயந்திரக் குரலைக் கேட்டுவிட்டு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே எழுதினாள். 'பாட்டுப் போடுங்க.'

ஸ்பீக்கர் ரிப்பேர் என்றேன். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் ரிப்பேர். அதற்கடுத்த வாரம், மாடிப்படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். மாடியில் ஒரு அம்மன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ராஜி ஏறி வந்திருந்தாள். கழுத்துக் குழாயில் மூச்சு சீறியது. வந்து அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டைத் திருப்பினாள். கீழேயே எழுதி எடுத்து வந்திருக்கிறாள். 'இப்பப் போடுங்க.'

கிடாரைக் கீழே வைத்தேன். "ராஜி, மொதல்ல பாடுனது பதிவாகல. மானிட்டர்ங்கறதால பட்டனை அமுக்கல. உன்றகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நோட்டில் எழுதினாள். 'ரெண்டாவது?'

"அதுல ரெண்டே வரிதான் இருக்குது. அப்பறம் இருமல்."

'அதப் போடுங்க.'

அந்தப் பதிவை நானும் அதுவரை திறந்ததில்லை. தைரியம் வரவில்லை. போட்டேன்.

அவள் குரல் வந்தது. *காத்தடிச்சாக் கதவு சாத்த.* ராஜி முன்னால் குனிந்து கேட்டாள். *கையி ரெண்டு போதுமய்யா.* உதடு கூடவே அசைந்தது. அவ்வளவுதான். இருமல் ஆரம்பித்தது. நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம். "அம்மா, அம்மா, குனிஞ்சுக்குங்க" என்று மேகலா பதறுவது தூரத்தில் கேட்டது.

நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன். ராஜி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கிடார் நிற்கவில்லை. அவள் இருமுகிறாள், கிடார் போகிறது. மேகலா அழுகிறாள், கிடார் போகிறது. நான் சொல்லவில்லையா, ஸ்டுடியோப் பழக்கம் என்று. கட் என்று ஒருவர் சொல்கிற வரை கையை நிறுத்தக் கூடாது. யார் தப்புச் செய்தாலும் உன் பாகத்தை முடித்துக் கொடு, மற்றதைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறேன். இரண்டாவது சரணம் வந்தது. அந்த 'டப்' இல்லை. எல்லாக் கம்பிகளும் சுத்தமாகப் பேசின. அவள் மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் எல்லாம் சரியாக ரெண்டு சொட்டு விழுந்தது. நாலு சரணத்துக்கும் வாசித்து, கடைசி நாதம் தானாக ஓயும் வரை விட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வாசித்ததில்லை.

ராஜி கடைசி வரை கேட்டாள். பிறகு என் மணிக்கட்டை விட்டுவிட்டு நோட்டை எடுத்தாள். நிதானமாக எழுதினாள்.

'நான் இருமறப்பக்கூட நீங்க நிறுத்தலீங்களா?'

நோட்டை என் மடியில் வைத்துப் பேனாவையும் நீட்டினாள். எனக்குப் பேச வாய் இருக்கிறது, குரல் இருக்கிறது. ஆனாலும் பேனாவை வாங்கிக்கொண்டேன். அவள் எழுத்துக்குக் கீழே, 'நிறுத்தல ராஜி' என்று எழுதிக் கொடுத்தேன்.